லகுகலைக் கல்மேடை



கல்முனைப் பட்டினத்தை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவை நாம் எல்லோரும் அறிவோம். பிரயாணிகளை ஏற்றி இறக்கும் பஸ்களும், மீன் கூடை கட்டிய சைக்கிள்களும், சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் ஓடுகின்ற முச்சக்கர வண்டிகளுமாக எந்நேரமும் இரைச்சல் ஓயாத தெரு அது. அரசாங்கப் பதிவில் அதற்கு ஏ-4 என்று பெயர். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வந்து, பொத்துவிலில் கடலைக் கண்டு வடக்கே திரும்பி, நம் வாசலைத் தொட்டுக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறது. இந்தத் தெருவில் தெற்கு நோக்கிப் பஸ் ஏறி, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று கடந்து மேற்கே திரும்பினால், சிறிது தூரத்தில் காடு தொடங்கும். லகுகலைக் குளமும் யானைகளும் அங்கேதான். 1980ஆம் ஆண்டு தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். அந்தக் காட்டோரத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. கட்டடம் என்று சொன்னது பழக்க தோஷம். இன்று அங்கே இருப்பது கல்லால் அணைத்து உயர்த்திய ஒரு மேடை, அதிலேறச் சில படிகள், நிமிர்ந்தும் சாய்ந்தும் நிற்கின்ற கற்றூண்கள். கூரை இல்லை. அது மரத்தாலானதாக இருந்திருக்க வேண்டும். மரமும் ஓடும் காலத்தோடு போய்விட்டன.

இந்த இடத்தின் பெயர் மகுல் மகா விகாரை. அந்த மேடையை அயலவர் 'மகுல் போருவ' என்பர். போருவ என்பது சிங்களத் திருமணங்களில் மணமக்கள் ஏறி நிற்கின்ற மணமேடை.

நான் ஆசிரியத் தொழிலில் இருந்த நாட்களில், உயர்வகுப்பு மாணவர் சிலரைச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் சென்றேன். எங்களுக்கு இடத்தைக் காட்டிய முதியவர் ஒருவர், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, சிங்களத்தில் அந்தக் கதையைச் சொன்னார். களனி அரசனின் மகள் கடலில் விடப்பட்டாள்; அலை அவளை உருகுணைக் கரையில் சேர்த்தது; காவந்தீச மன்னன் அவளைக் கண்டு இந்த மேடையிலேதான் மணம் முடித்தான்; அவர்களுடைய மகனே துட்டகைமுனு. முதியவர் கதையைச் சொன்ன விதத்தில், முந்தாநாள் அந்தக் கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர் போலிருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் மெதுவாக என்னிடம் கேட்டான்: "கலியாணம் முடிக்க இவ்வளவு தூரம் காட்டுக்குள்ள ஏன் சேர் வந்தவங்க?"

அன்றைக்கு நான் அவனுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இது காடாக இருந்திருக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

அந்தக் கதையின் மூலம் மகாவம்சம். இளவரசி கரையேறியது, விகாரையொன்றின் அருகே ஏறியதால் விகாரதேவி எனப்பட்டது, அரசன் அவளைப் பட்டத்தரசியாக்கியது எல்லாம் அதில் உண்டு. மணமண்டபம் ஒன்றைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. அவள் கரையேறிய இடமும் ஒன்றாக இல்லை. பொத்துவிலில் கடலோரமாக உள்ள முகுது மகா விகாரையே அது என்பார் ஒரு சாரார்; தெற்கே கிரிந்த என்பார் இன்னொரு சாரார். அலை கொண்டுவந்த பொருளுக்குக் கரை முழுவதும் சொந்தம் கொண்டாடுவது நம் மீனவர்கள் அறியாத செய்தி அல்ல!

இனி, அந்த இடத்திலேயே இருக்கின்ற ஒரு சாட்சி. மகுல் மகா விகாரை வளவில் பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அது பேசுகின்ற செய்தியில் கலியாணம் எதுவும் இல்லை. இந்த விகாரையின் பெயர் ருகுணு மகா விகாரை என்கிறது. இதை முதலில் கட்டியவன் தசென்கெலி என்ற அரசன் என்கிறது. அவனைத் தாதுசேனன் என்று ஆய்வாளர் கொள்வர். அவன் அநுராதபுரத்தில் ஆண்டது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில். காவந்தீசனோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காரன். இடையிலே அறுநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. பாழடைந்து கிடந்த விகாரையைத் திருத்தி மானியம் விட்டவள் பராக்கிரமபாகு என்ற பெயருடைய இரு சகோதர மன்னர்களின் பட்டத்தரசி என்றும் அந்தக் கல் சொல்கிறது. அவள் பெயரைக் கேளுங்கள்: விகாரமகாதேவி!

இங்கேதான் முடிச்சு அவிழ்கிறதென நான் எண்ணுகிறேன். ஒரே பெயரில் இரண்டு அரசியர். ஒருத்தி காவியத்தில் வருகிறாள். மற்றவள் கல்லில் வருகிறாள். இருவருக்குமிடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டு தூரம். கல்லெழுத்தை வாசிக்கத் தெரியாத தலைமுறைகள் வந்தபோது, பிந்திய அரசியின் பெயர் மட்டும் ஊரின் வாயில் தங்கி, முந்திய அரசியின் கதையோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகமே. ஆனால் ஒரு பெயர் இரண்டு பேருக்கு இருந்தால் குறைந்த செய்தியுடையவர் நிறைந்த கதையுடையவருக்குள் மறைந்து போவது நம் ஊரிலும் நடப்பதுதான். எத்தனை அவுலியாக்களின் அடக்கத்தலங்களுக்கு ஒரே கராமத்துக் கதை சொல்லப்படுகிறது!

மற்றொரு முடிச்சு 'மகுல்' என்ற அந்தச் சொல்லிலே இருக்கிறது. இது இலக்கிய நிகழ்ச்சியாகையால் இதில் சற்றே நின்று போக நேயர்கள் பொறுத்தருள வேண்டும். சிங்களத்தில் மகுல் என்றால் பேச்சு வழக்கில் கலியாணம். ஆனால் அதன் மூலம் 'மங்கல' என்ற சொல். நாம் மங்கலம் என்கிறோமே, அதுவேதான். மங்கலம் என்றால் நன்மை, சுபம் என்பது பொதுப்பொருள். அரச வழக்கிலோ அதற்கு வேறொரு பொருளும் உண்டு. அரசன் ஏறுகின்ற பட்டத்து யானை பாளி நூல்களில் மங்கல யானை. அரசனுக்குரியது எதுவோ அது மங்கலம். ஆகவே, மகுல் என்ற சொல்லைக் கண்டவுடன் மாலையும் மேளமும் காண வேண்டியதில்லை.

இதற்குக் கண்கண்ட சாட்சி கண்டியிலே நிற்கிறது. தலதா மாளிகைக்கு அருகே செதுக்கிய மரத்தூண்களோடு ஒரு நீண்ட மண்டபம் உண்டல்லவா? அதன் பெயர் மகுல் மடுவ. அங்கே கலியாணம் நடந்ததாக யாரும் சொல்வதில்லை. அது அரசவை. இராஜாதி ராஜசிங்க மன்னன் 1783இல் தொடக்கி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் நிறைவேறியது. 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கையளித்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டது அந்த மண்டபத்திலேதான். அதன் பிறகு பாருங்கள்: அரசன் போனான், மண்டபம் நின்றது. 1825இல் கல்கத்தாப் பேராயர் ஹீபர் கண்டிக்கு வந்தபோது, அதே மண்டபத்தில் கிறிஸ்தவ ஆராதனை நடத்திப் பிரசங்கம் செய்தார். ஆங்கிலேயரின் நீதிமன்றமும் அங்கே அமர்ந்திருக்கிறது. எழுத்து ஆதாரம் எல்லாம் அழிந்து, அந்த மண்டபத்தின் தூண்கள் மட்டும் எஞ்சி, பெயர் மட்டும் வாயில் தங்கியிருந்தால், ஆயிரம் வருடத்துக்குப் பிறகு வருகிறவன் என்ன நினைப்பான்? மகுல் மடுவ, கலியாண வீடு என்றுதான் எழுதிவைப்பான்.

அப்படியானால் லகுகலை மேடை எதற்காகக் கட்டப்பட்டது? அரசன் தங்கிய மண்டபமா? பிக்குமார் கூடிய சங்க மண்டபமா? விகாரைகளில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பிக்குமார் ஒன்றுகூடித் தங்கள் ஒழுக்க விதிகளை ஓதிக் குறைகளை ஒப்புக்கொள்வது விதி. அதற்கென்று கட்டப்படும் மனைக்கு உபோசத மனை என்று பெயர். அநுராதபுரத்தில் நாற்பது வரிசைக்கு நாற்பதாக 1600 கற்றூண்கள் நிற்கின்ற லோவாமகாபாய அத்தகையதே. அதைக் கட்டியவனும் நாம் மேலே சொன்ன துட்டகைமுனுதான். இன்று நிற்கும் தூண்கள் பிற்காலத்தில் மீள நிறுத்தப்பட்டவை. ஒன்பது மாடியும் செப்போடும் போய்விட்டன. நூல்கள் மட்டும் இல்லாதிருந்தால், அந்தக் கற்காட்டைப் பார்த்து அது ஒரு கூட்ட மண்டபம் என்று யார் சொல்லியிருப்பார்கள்? யானை கட்டுகின்ற கொட்டகை என்று கூட யாராவது சொல்லியிருக்கலாம்.

என் எண்ணம் சங்க மண்டபத்தின் பக்கமே சாய்கிறது. கல்வெட்டு அதை ஒரு விகாரையாகவே பேசுகிறது, அரண்மனையாகப் பேசவில்லை. இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு. படியின் அடியில் கிடக்கின்ற சந்திரவட்டக்கல். அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது தனித்தனியே நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். லகுகலைக் கல்லில் யானைகளின் முதுகில் பாகர் இருக்கிறார்கள். இது அபூர்வம். துறவிகள் கூடுகின்ற மனையின் வாசலில் பாகனேறிய யானை வரிசை எதற்கு? அரச பவனியின் சாயல் அதில் உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. யானைக்காட்டின் நடுவே உளி பிடித்தவன் தன் கண்ணில் தினமும் பட்டதைச் செதுக்கினான் என்று வாதிடவும் இடமிருக்கிறது. நான் இரண்டாவது கட்சி.

பயன் இன்னதென்று ஐயமின்றித் தெரிகின்ற பழைய மண்டபங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தேன். எழுத்து உள்ளவை மட்டுமே. பொலன்னறுவையில் குளக்கரையில் நிசங்கமல்லனின் மந்திராலோசனை மண்டபம் உண்டு. அவன் ஆண்டது 1187 முதல் 1196 வரை. ஒன்பது வருட ஆட்சியில் அவன் வெட்டிய கல்வெட்டுக்களைப் பார்த்தால், தற்புகழ்ச்சிக்காரன் என்று சொல்லத் தோன்றும். ஆனாலும் அந்தப் புகழாசைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மண்டபத் தூண்களிலேயே யார் யார் எங்கே அமர்வது என்று வெட்டி வைத்துவிட்டான்: யுவராசன் இங்கே, படைத்தலைவர் இங்கே, அமைச்சர் இங்கே, கணக்கெழுதுவோர் இங்கே. வணிகர் தலைவர்களுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. வியாபாரத்தால் வாழ்கின்ற ஊர்க்காரனாகிய எனக்கு அந்த ஒரு தூணை மட்டும் தனியே போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சிங்காசனமாக ஒரு கற்சிங்கமும் அங்கே நிற்கிறது. ஐயத்துக்கு இடமே இல்லை. அதே பொலன்னறுவையில், கோட்டை வளவுக்குள், பராக்கிரமபாகுவின் அரசவை என்று காட்டப்படுகின்ற அழகான மேடையும் உண்டு. அடி வரிசையில் யானைகள், அதன்மேல் சிங்கங்கள், அதன்மேல் குள்ளர்கள். சிற்பத்தில் நிசங்கமல்லனின் மண்டபம் இதற்கு உறைபோடக் காணாது. ஆனால் இன்னார் இங்கே இருந்தார் என்று இந்தக் கல் சொல்வதில்லை. அரசவை என்ற பெயரை நாம்தான் கொடுத்திருக்கிறோம்.

கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனால் உத்தரமேரூர். இன்று போகிறவர் அதை ஒரு பெருமாள் கோயிலாகவே காண்பார். ஆனால் அதன் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுக்கள் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் சேர்த்த விதி முழுவதும் அதில் இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அது பிராமணர் சபை என்பதையும், ஊரார் எல்லோரும் அதில் அடங்கவில்லை என்பதையும் மேடைப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, சுவரில் அந்த எழுத்து இல்லாவிட்டால், அங்கே ஒரு சபை கூடியதை எவரும் நினைத்தும் பார்க்க மாட்டார் என்பதையே.

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாள் பட்டினப்பாலையைப் புரட்டியபோது என் கேள்வியிலேயே ஒரு கோணல் இருப்பது எனக்குப் பட்டது. பகைவர் ஊர்ப் பொதியில் ஒன்றை அந்தப் பாட்டு காட்டுகிறது. பொதியில் என்றால் பொது இல், ஊர்ப் பொதுமனை. அங்கே தெய்வம் உறைகின்ற தூண் நடப்பட்டிருக்கிறது. சிறைபிடித்து வரப்பட்ட பெண்கள் நீராடி வந்து, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தொழுகிறார்கள், தங்கவும் செய்கிறார்கள். இது கோயிலா, சபையா, சத்திரமா? புறநானூற்றுப் பாடல் ஒன்றிலோ, போரில் பாழ்பட்ட ஊரின் பொதியில் வருகிறது. தெய்வம் தூணை விட்டுப் போய்விட்டது. நரைத்த கிழவர்கள் காய் வைத்துச் சூதாடி ஆடிக் குழிந்துபோன தரையில், காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. அப்படியானால் அது கிழவர்கள் சூதாடுகின்ற இடமும்தான். பொதியில் எதற்குக் கட்டப்பட்டது என்று அந்த ஊரானிடம் கேட்டிருந்தால் அவன் நம்மை விசித்திரமாகப் பார்த்திருப்பான். பொதுமனை எதற்கு? எல்லாவற்றுக்கும்தான். அம்பலம் என்ற சொல்லும் அப்படியே. தமிழில் சபையாகவும் சன்னிதியாகவும் நிற்கின்ற அது, சிங்களத்தில் 'அம்பலம' ஆகி வழிப்போக்கர் களைப்பாறுகின்ற கொட்டகையாகியது.

நேயர்களே, இதை நான் ஏட்டில் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கவில்லை. நான் பிறந்த தெருவின் பழைய பள்ளிவாசலுக்கு ஒரு வெளிப்பள்ளி இருந்தது. தடித்த கற்றூண்கள், தாழ்ந்த ஓட்டுக் கூரை, முழங்கால் உயரத் திண்ணை. தொழுகைக்கு இடம் போதாத வெள்ளிக்கிழமைகளில் அதிலே ஸப்பு நின்றது. மற்ற நாட்களில் காலையில் நாங்கள் ஓதப் போனது அங்கே. அஸருக்குப் பின்பு மரைக்காயர்மார் கூடி, வேலிச் சண்டை, தோணிச் சண்டை, புருஷன் பெண்சாதி வழக்கு எல்லாம் விளங்கியது அங்கே. காவின் எழுதியது அங்கே. கந்தூரிச் சோறு பங்கிட்டது அங்கே. இரவில் தங்க வழியில்லாத பாய் வியாபாரி தலை சாய்த்தது அங்கே. என் மூத்தாப்பா, தீர்க்க முடியாத ஒரு காணி வழக்கில், இரண்டு தம்பிமாரையும் அந்தத் திண்ணையில் ஒரே சஹனில் சோறு தின்ன வைத்தாராம். வழக்குத் தீரவில்லை, பேச்சு மட்டும் திரும்பி வந்தது என்று உம்மா சொல்வார்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அன்றும் அடுத்த நாட்களிலும் தெருவுக்குத் தெரு பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் எதுவாகவெல்லாம் மாறின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மையித்தும் அங்கே, குழந்தைக்குப் பால்மாவும் அங்கே, காணாமற்போனவர்களின் பெயர்ப்பட்டியலும் அங்கே. தொழும் இடம் என்று வரைபடத்தில் எழுதிய எவனுக்கும் அந்த நாட்கள் தெரிந்திருக்க முடியாது.

லகுகலைக் கதையை நான் பரிகசிப்பதாக எவரும் எண்ணக்கூடாது. அந்த முதியவரின் கலியாணக் கதை அவருடைய சொத்து; அதைக் கேட்டு மகிழ்ந்தவன் நான். என் கவலை வேறு. நம் மாவட்டத்தில் பழைய கல்லுக்கு வைக்கப்படும் பெயர், சில வேளைகளில் பக்கத்துக் காணிக்கும் எல்லையாகிவிடுகிறது. அப்படியான இடத்தில் கல் உண்மையில் சொல்வது எது, நாம் அதன் வாயில் வைப்பது எது என்று பிரித்துப் பார்க்கின்ற பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். அயலவருக்கு மாத்திரம் அல்ல, நமக்கும்.

ஏனென்றால் நமது கதை அதைவிட மோசம். அந்த வெளிப்பள்ளி இன்று இல்லை. புதிய மாடிப் பள்ளிக்காக அது உடைக்கப்பட்டபோது, நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து கை உயர்த்தியவன்தான். இடம் போதவில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் உடைப்பதற்கு முன்பு ஒருவராவது நீள அகலம் அளந்து எழுதவில்லை. ஒரு படம் எடுக்கவில்லை. எந்த ஆண்டில் யார் கட்டியது என்று வயசாளிகளிடம் கேட்டு வைக்கவில்லை. அரபுத் தமிழில் மையால் எழுதிய ஒரு பலகை நிலைக்கு மேலே இருந்ததாக எனக்கு ஞாபகம். அது எந்த விறகோடு போனதோ தெரியாது. தூண்களில் மூன்று மாத்திரம் எஞ்சி, பின்மதிலோரம் கிடக்கின்றன.

போன நோன்புப் பெருநாளன்று, அந்தக் கற்களில் ஒன்றின் மேல் பிள்ளைகள் வரிசையாக இருந்து ஐஸ்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். என் பேத்தியும் அதிலே இருந்தாள். "இது என்ன கல்லு?" என்று அவள் கேட்டபோது, நான் வாயெடுக்க முன்பு பக்கத்தில் நின்ற மூன்று பேர் பதில் சொல்லிவிட்டார்கள். பழைய ஹவுழுடைய கல் என்றார் ஒருவர். மையவாடியிலிருந்து கொண்டுவந்த மீசான் கல் என்றார் மற்றவர். மூன்றாமவர் வாலிபர், படித்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை கட்டிய கல் என்று உறுதியாகச் சொன்னார். பேத்திக்குக் குதிரைக் கதைதான் பிடித்திருந்தது.